வலை அறைக்குள் ஒரு கொமட்

வீடு திருத்துகிற காலத்தில் வீட்டுக்காரிக்கு ஒரு உத்தியோகம் வந்து சேருகிறது. அதற்குப் பெயரும் இல்லை, லீவும் இல்லை. தேத்தண்ணி ஊற்ற வேண்டும். சீமெந்துத் தூசி துடைக்க வேண்டும். "நாளைக்கு முடிஞ்சிடும்" என்று ஒருவர் சொல்லும்போது நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த உத்தியோகம் பார்த்து இளைத்தவர்கள் உங்களில் பலபேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள், வாசித்து முடித்ததும் உங்கள் பாத்ரூமை ஒருக்கா போய் அன்போடு பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீடு குருநகரில். நான் வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுக்கிறேன். கணவர் மரியதாஸ் கடற்றொழில். ஒரே மகள் கலியாணம் முடித்து மன்னாரில் இருக்கிறாள். போன மாரியில் ஒரு விடியற்காலை, தொழிலால் வந்து படகை விட்டு இறங்கும்போது இவர் பாசி பிடித்த படியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துப் பூட்டினார்கள். "நடப்பார், தொழிலுக்கும் போவார். ஆனால் நிலத்தில் குந்தி இருக்கவே கூடாது" என்று டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

எங்கள் கக்கூஸ் குந்துகிற கக்கூஸ். அதுவும் வீட்டுக்குள் இல்லை, கோடிப்பக்கத்தில், மதிலோரமாக. மழை நாளில் அங்கே போய்ச் சேர நல்ல கால் உள்ளவர்களே அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே, படுக்கை அறைக்குப் பக்கத்தில் இவர் வலை வைக்கிற சின்ன அறையைப் பாத்ரூம் ஆக்கி, உள்ளே கதிரை மாதிரி இருக்கக்கூடிய ஒரு கொமட் வைப்பது என்று முடிவெடுத்தேன். ஆள் வீட்டுக்கு வரமுன்னம் முடித்துவிட வேண்டும். திட்டம் அவ்வளவுதான். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்.

வலைக்கு இடம்

வார்டில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். காலை அசைக்க முடியாத மனிதன் மற்ற எல்லாவற்றையும் அசைத்தார்.

"அப்ப வலை எங்கை போறது?"

"விறாந்தைக்கு."

"எலி வெட்டும்."

"அப்ப ஹோலுக்கு."

"உன்ரை தையல் துணியளை ஹோலுக்குள்ளை வைச்சிருக்கிறாய். என்ரை வலையை வைக்க மாட்டியோ எண்டு இவ்வளவு நாளும் நான் கேட்டனானோ?"

"கேட்கேல்லை. இப்ப கேளாமலே இடம் தாறன்" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

வலை என்றால் ஏதோ மடித்து அலுமாரிக்குள் வைக்கிற சாமான் என்று நினைக்காதீர்கள். அறையை ஒழித்தபோது அது ஒரு மலை மாதிரி வந்துகொண்டே இருந்தது. மிதப்பு, ஈயம், கயிறு, ஐஸ் போட்டு மீன் வைக்கிற பழைய றெஜிபோம் பெட்டி எல்லாம் ஹோலுக்குள் வந்தன. தையல் மெசின் ஒரு மூலைக்குப் போயிற்று. அளவு பார்க்க வருகிற பெண்களுக்கு மறைப்பு இல்லாததால், ஒரு பெரிய வலையை இரட்டையாய் மடித்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். அதற்குப் பின்னால் நின்று உடுப்பு மாற்றினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை என்று நான் பெருமையாக இருந்தேன்.

அடுத்த கிழமை ஒரு ரீச்சர் அக்கா வந்து, தைத்து வாங்கிக்கொண்டு போன சட்டையைப் பற்றி இப்படிச் சொன்னார்: "ரீட்டா, அளவு அந்தமாதிரி. ஆனா ஸ்டாஃப் ரூமிலை எல்லாரும் என்னைப் பாத்து, இண்டைக்கு வீட்டிலை என்ன மீன் எண்டு கேக்கினம்."

கிடங்குக்குள் கடல்

மேசன் வேலைக்குச் சூசை அண்ணையைப் பிடித்தேன். எங்கள் கோயில் பங்கில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. மற்றப் பாதி அவர் கட்டத் தொடங்கியவை. நல்ல மனிதன், நல்ல கைராசி, ஒருவர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அதுதான் கரைச்சலே.

முதல் வேலையாகக் கொமட்டுக்குக் கிடங்கு வெட்டினார். எங்கள் வளவிலிருந்து கல்லெறிகிற தூரத்தில் கடல். ஆள் இடுப்பளவு இறங்கவில்லை, கீழே தண்ணி ஊறத் தொடங்கிவிட்டது. வாளியால் இறைத்தார். அது திரும்ப வந்தது. மோட்டர் வைத்து இறைத்தார். அதுவும் திரும்ப வந்தது. கடைசியில் ஒரு சின்ன நண்டு கிடங்குக்குள் ஊர்ந்து திரிவதைக் கண்டு அவர் வெளியே ஏறிவிட்டார்.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். கிடங்கை ஆழமாக வெட்ட முடியாது. சுற்றிவரக் கொங்கிறீற் போட்டு, தாங்கி மாதிரி உயர்த்தித்தான் கட்ட வேண்டும். தாங்கி உயர்ந்தால், கொமட்டிலிருந்து போகிற பைப் அதைவிட உயர வேண்டும். பைப் உயர்ந்தால் பாத்ரூமின் நிலமும் உயர வேண்டும். எவ்வளவு என்று கேட்டேன். அவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணை, அவருக்குத்தானே இந்தப் பாத்ரூமே. அவர் படி ஏற ஏலாது" என்றேன்.

சூசை அண்ணை கிடங்கைப் பார்த்தார். கடல் இருக்கிற பக்கத்தைப் பார்த்தார். பிறகு கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, கடலைக் கீழை இறக்க என்னாலை ஏலாது. வீட்டைத்தான் மேலை ஏத்தலாம்."

பற்றிமா அக்காவின் கேற்

அடுத்த நாள் மத்தியானம் இவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியால் வந்தேன். வளவுக்குள் கால் வைத்ததும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வெளிச்சம் கூடியிருந்தது. கோடிப்பக்கம் போய்ப் பார்த்தால், கக்கூஸ் நின்ற இடத்தில் வானம்தான் நின்றது.

சூசை அண்ணை அலவாங்கில் சாய்ந்துகொண்டு, பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு நின்றார். உள்ளே நிலத்தை உயர்த்தக் கல் வேண்டுமாம். வெளியிலிருந்து எடுத்தால் லாண்ட்மாஸ்ரர் வண்டி பிடித்து ஏற்றி வர வேண்டுமாம். வளவுக்குள்ளேயே நல்ல கல் சும்மா நிற்கிறதே என்று உடைத்து அள்ளிவிட்டாராம்.

"அண்ணை, புதுசு முடியுமட்டும் நான் எங்கை போறது?"

அதை அவர் யோசிக்கவில்லை. யோசித்தபோது அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

பக்கத்து வீடு பற்றிமா அக்காவுடையது. எங்கள் இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. எங்கள் குசினித் தண்ணி அவவின் மதிலோரம் தேங்குகிறது என்று தொடங்கி, அவவின் முருங்கை மரம், என்னுடைய கோழி, அவவின் வாய், என்னுடைய வாய் என்று வளர்ந்த சண்டை. கோயிலில் அவ இடப்பக்கம் இருந்தால் நான் வலப்பக்கம் இருப்பேன். சமாதானம் சொல்லிக் கும்பிடுகிற நேரத்தில்கூட இரண்டு பேரும் வேறு ஆட்களைத் தேடிப்பிடித்துக் கும்பிடுவோம். அப்படிப்பட்ட கேற்றடியில் போய் நிற்பதா என்று பின்னேரம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பின்னேரத்துக்கு மேல் பல் மட்டும் கடித்துப் பிரயோசனம் இருக்கவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

நாய் குரைத்தது. அக்கா வந்து கேற்றுக்கு உள்ளே நின்றா. நான் வெளியே நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "அக்கா, எங்கடை கக்கூஸை..." என்பதோடு குரல் நின்றுவிட்டது. அவ என் துவாயைப் பார்த்தா. காலையிலிருந்து எங்கள் பக்கம் கேட்ட உடைக்கிற சத்தத்தை அவவும் கேட்டிருப்பாதானே. நாயை ஒரு அதட்டு அதட்டிவிட்டுக் கொண்டியை இழுத்தா.

"கோவம் கிடக்கட்டும், பேந்து பாப்பம். வாளி உள்ளுக்கு இருக்கு, கெதியா ஓடு."

சுவாமிக்கு ஒரு ஆசனம்

கொமட் வந்த அன்று எங்கள் ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்தது. ஓட்டோவில் பின் சீற்றில் நான், என் மடியில் வெள்ளைப் பீங்கான் கொமட். கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டோக்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அக்கா, பிள்ளையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று சத்தம் போட்டார்.

பாத்ரூமில் நிலம் இன்னும் போடவில்லை. வலை, தையல் துணி, சீமெந்துப் பை எல்லாவற்றுக்கும் நடுவே கொமட்டையும் ஹோலில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில், ஆளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். இவர் வந்து படுக்கை அறையில் படுத்துக்கொண்டு, திறந்த கதவு வழியாக நாள் முழுவதும் அந்தக் கொமட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. கலியாணச் சட்டைக்கு வாங்கின துணியில் மிஞ்சின ஒரு துண்டு, ஓரத்தில் லேஸ் வைத்தது, கிடந்தது. அதை எடுத்துக் கொமட்டை வடிவாக மூடிவிட்டேன்.

நோயாளிக்கு நற்கருணை கொடுக்கக் கோயிலிலிருந்து பங்குச் சுவாமி வந்தார். நான் கதிரை எடுக்கக் குசினிக்குள் ஓடினேன். கதிரையோடு திரும்பி வந்தால், சுவாமி படுக்கை அறை வாசலுக்கு நேரே, லேஸ் துணிக்கு மேலே, நன்றாக நிமிர்ந்து இருந்து செபப் புத்தகத்தை விரித்துக்கொண்டிருக்கிறார். இவர் கட்டிலில் இருந்து எனக்குக் கண்ணால் சைகை காட்டுகிறார். நான் கையிலிருந்த கதிரையைச் சுவாமிக்குக் காட்டுகிறேன். "வேண்டாம் அம்மா, இது வசதியா இருக்கு" என்று சொல்லிச் செபத்தைத் தொடங்கிவிட்டார். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பக்தி என்றுதான் சுவாமி நினைத்திருப்பார். இவர் வயிறு குலுங்கியதை நான் கண்டேன்.

செபம் முடிந்து எழும்பும்போது துணி வழுக்கிக் கீழே விழுந்தது. மூன்று பேரும் கொமட்டைப் பார்த்தோம். சுவாமி துணியைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, திரும்பவும் வடிவாக அதன்மேல் போட்டார்.

"பரவாயில்லை அம்மா. இன்னும் தண்ணி குடுக்கேல்லைத்தானே."

ஒடியற்கூழ்

இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பை ஓரமாக வைக்க வேண்டும். நோயாளியையும் வைத்துக்கொண்டு வீடு திருத்தினவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும்.

இவர் வந்த பிறகு, நடுவில் ஓட்டை வெட்டின பிளாஸ்டிக் கதிரையும் கீழே ஒரு வாளியுமாகச் சமாளித்தோம். பற்றிமா அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவது என் வேலை. நான் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஆனால் இவருக்குச் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் "பசியில்லை." தண்ணி கொடுத்தாலும் ஒரு மிடறு, அதோடு கோப்பையைத் திருப்பித் தந்துவிடுவார். மருந்தின் குணம் என்று நினைத்தேன். ஒருநாள் பனங்கிழங்கு ஒடியல் மாவில் இவருக்கு உயிரான ஒடியற்கூழ் காய்ச்சினேன். நண்டு, றால், திருக்கை, பயிற்றங்காய் எல்லாம் போட்டு, வாசம் ஒழுங்கை முழுக்கப் போனது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தேன். "பேந்து பாப்பம்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

ஒரு சட்டியில் பற்றிமா அக்காவுக்கும் கொண்டுபோனேன். "அவர் குடிச்சவரே?" என்று கேட்டா. இல்லை, பசியில்லையாம் என்றேன். அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "எடி, என்ரை மனுசன் பாயிலை கிடக்கேக்கையும் இப்பிடித்தான். சாப்பிட்டால் வெளியாலை போகவேணுமே எண்டு சாப்பிடாமல் கிடந்தது. உனக்கு இன்னும் விளங்கேல்லையோ?"

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து நேரே கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடலிலை எண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சை நீ வாளியைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டிப் போறதை நான் யன்னலாலை பாக்கிறன். பேந்து என்னெண்டு எனக்குச் சோறு இறங்கும்?"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு நாளும் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிடந்திருக்கிறாரே என்று. "நான் இப்பிடி விழுந்து கிடந்தால் நீங்கள் தூக்க மாட்டீங்களோ?" என்று கேட்டேன்.

மெல்ல என் பக்கம் திரும்பினார். "தூக்குவன்" என்றார். கூழ்ச் சட்டியை எட்டி எடுத்தார்.

"ஆனா மூக்கைப் பொத்திக்கொண்டுதான்."

மேசனைத் தேடி

அடுத்த நாள் விடிய நான் சூசை அண்ணையைத் தேடிப் போனேன். ஆள் சில நாளாக எங்கள் பக்கம் வரவில்லை. போன் அடித்தால் "வந்துகொண்டிருக்கிறன் பிள்ளை" என்பார். பின்னணியில் வேறு யாருடையோ கொங்கிறீற் மெசின் சத்தம் கேட்கும். அவருடைய மனைவிதான் இடத்தைக் காட்டிக்கொடுத்தா. சண்டிலிப்பாயில் ஒரு புது வீடு.

பஸ்ஸில் போய் இறங்கி, புகையிலைத் தோட்டத்து வரம்பால் நடந்து விசாரித்துக்கொண்டு போனேன். சூசை அண்ணை பலகைச் சாரத்தில் ஏறி நின்று ஒரு சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. வரும் வழியெல்லாம் என்ன பேச்சுப் பேசுவது என்று அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அண்ணை, பாத்ரூம் இல்லாததாலை அவர் சாப்பிடாமல் கிடந்தவர்" என்றுதான் சொன்னேன். அவர் இறங்கி வந்து கையைக் கழுவினார்.

அந்த வீட்டுக்காரி குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தா. தலைமயிரெல்லாம் சீமெந்துத் தூசி. கண்ணில் அந்தக் களை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் உத்தியோகத்து ஆள். "எங்கை அண்ணை போறியள்? இந்தச் சுவர் பாதியிலை நிக்குது" என்று குரல் உயர்ந்தது. நான் என் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவவின் முகம் மாறியது. தட்டத்திலிருந்த தேத்தண்ணியை எடுத்து என்னிடம் தந்தா. தாங்களும் வந்த புதிதில் பாத்ரூம் கதவு இல்லாமல் ஒரு சீலை கட்டிக்கொண்டு இருந்தார்களாம். இரண்டு பேரும் அந்தப் பாதிச் சுவருக்கு முன்னால் நின்று, சொந்தச் சகோதரிகள் மாதிரி எல்லாம் கதைத்து முடித்தோம். சூசை அண்ணை ஒரு ஓரமாய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். புறப்படும்போது அவ என் கையைப் பிடித்தா.

"கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. ஆனா வேலை முடியத் திருப்பித் தாங்கோ."

சரிவுப் பாதை

அதற்குப் பிறகு சூசை அண்ணை வேறு ஒரு வீட்டுக்கும் போகவில்லை. நிலம் போட்டார், கொமட்டைப் பூட்டினார். மிச்சம் இருந்தது உயரம். படிக்குப் பதிலாக ஹோலிலிருந்து பாத்ரூம் வாசல்வரை ஒரு சரிவுப் பாதை கட்டலாம் என்றார். இவர் ஆஸ்பத்திரியில் தந்த வோக்கரைப் பிடித்துக்கொண்டு ஏறலாம்.

முதலில் கட்டினது குறுகலான இடத்துக்குள் அடங்க வேண்டுமென்று நல்ல செங்குத்தாக அமைந்துவிட்டது. "உது மலை மாதிரிக் கிடக்கு" என்று கட்டிலில் இருந்தபடியே இவர் சொன்னார். "ஒண்டும் செய்யாது மரியதாஸ், நான் ஏறிக் காட்டுறன்" என்று சூசை அண்ணை இவருடைய வோக்கரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். ஏறினது ஒழுங்குதான். திரும்பி இறங்கும்போது வோக்கர் ஒரு பக்கம் முந்திப்போக, அவர் மறுபக்கம் பறந்துபோய் வலைக் குவியலுக்குள் விழுந்தார். ஒரு கால் ஈயக் கயிற்றில், ஒரு கை மிதப்பில். இழுக்க இழுக்க இன்னும் சிக்கினார். நானும் பற்றிமா அக்காவும் இரண்டு பக்கமும் நின்று கழற்ற வேண்டியிருந்தது. பிறகு பாதையை உடைத்து, ஹோலில் பாதியை விழுங்குகிற அளவுக்கு நீட்டிக் கட்டினார். என் தையல் மெசின் குசினிக்குள் போயிற்று. அது பரவாயில்லை.

வலைக்குள் கிடந்த நேரம், கை கால் தப்பினதா என்று பார்த்துவிட்டு, மேலே முகட்டைப் பார்த்தபடி சூசை அண்ணை இவரிடம் சொன்னதுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு: "மரியதாஸ், வலை நல்ல வலை. ஆளை விடுதில்லை."

தண்ணி போன பாதை

ரைல்ஸ் பதித்து முடிந்ததும், "ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாப்பமோ?" என்று கேட்டேன். "எத்தினை பாத்ரூம் கட்டின கை இது" என்று சூசை அண்ணை கையைக் காட்டினார். அனுபவசாலிகளே, நீங்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள்.

இவர் விழுந்த நாள் தொட்டு ஈரத்துணியால் உடம்பு துடைப்புத்தான். முதல்முதலாகத் தானே பாதையில் ஏறிப் போய், கதவைச் சாத்தி, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து ஷவரைத் திறந்தார். வெளியே நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டுச் சத்தம். கரைவலை இழுக்கிறபோது பாடுகிற பாட்டு, கனநாளாய்க் கேட்காத குரல். ஊசியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தால், தண்ணி வடிகிற ஓட்டைக்குப் போகாமல் கதவுக்குக் கீழால் வெளியே வந்து, சரிவுப் பாதையில் ஒரு சின்ன ஆறு மாதிரி இறங்கி ஹோல் முழுக்கப் பரவிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடச் சட்டைத் துணியெல்லாம் நிலத்தில். நிற்பாட்டுங்கோ என்று கத்த வாய் எடுத்தேன். பாட்டு இன்னும் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு, துணியை அள்ளி மேசைமேல் போட்டுவிட்டு, பாட்டு முடியுமட்டும் கணுக்கால் தண்ணிக்குள் நின்றேன்.

பின்னேரம் சூசை அண்ணை வந்து பார்த்தார். ஒரு கோப்பை தண்ணி ஊற்றினார். அது நேரே வாசலுக்கு வந்தது. இன்னொரு கோப்பை ஊற்றினார். அதுவும் வந்தது. முழு ரைல்ஸையும் கிளப்பித் திரும்பப் போட வேண்டும் என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"தண்ணிக்கு இன்னும் வழி பழகேல்லைப் பிள்ளை."

கதவு

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது கதவு மிஞ்சியிருந்தது. வலை அறையில் இருந்த பழைய பலகைக் கதவையே செலவு ஏன் என்று திரும்பப் போட்டோம். நிலம் இரண்டாந்தரம் போட்ட ஈரம், வெளியே விடாத மழை, எல்லாம் குடித்துக் கதவு மெல்ல ஊதிக்கொண்டு வந்திருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் காலையில் இவர் உள்ளே போனார். வழக்கமான நேரம் கடந்துவிட்டது. "முடிஞ்சுதோ?" என்றேன். "முடிஞ்சுது. கதவு வரேல்லை" என்றார். நான் தள்ளினேன். அசையவில்லை. பற்றிமா அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் தோள் கொடுத்தோம். கதவு முனகியது, திறக்கவில்லை. கால் ஏலாத மனிதன் உள்ளே தனியாய், ஈர நிலத்தில், சறுக்கி விழுந்தால் தகடு என்னாகும் என்று பயந்தேன். அக்கா ஒழுங்கைக்கு ஓடிப்போய்ச் சத்தம் போட்டா. கடலால் வந்துகொண்டிருந்த இவருடைய கூட்டாளிகள் தோளில் கிடந்த சாமானோடு அப்படியே உள்ளே வந்தார்கள். சூசை அண்ணை சைக்கிளைக் கேற்றடியில் போட்டுவிட்டு அலவாங்கோடு ஓடிவந்தார். சரிவுப் பாதை முழுக்க ஆட்கள். பிணைச்சலைக் கழற்றுவோம் என்றார் ஒருவர். அது உள்பக்கம் என்றார் இன்னொருவர். இடிப்போம் என்றது ஒரு குரல். நிலைக்கதவு தன்னுடைய வேலை, ஒருவரும் தொடக்கூடாது என்று சூசை அண்ணை குறுக்கே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னப்பா, பயப்பிடாதேங்கோ. இப்ப உடைக்கப்போகினம்" என்று கதவோடு வாயை வைத்துக் கத்தினேன்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெளியே எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஷவர் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இவருடைய குரல், மெத்தச் சாவதானமாக:

"ஒரு அவசரமும் இல்லை, ஆறுதலாத் திறவுங்கோ. இஞ்சை நல்லாயிருக்கு."

இப்போது இவர் வோக்கரும் இல்லாமல் நடந்து தொழிலுக்கும் போய்வருகிறார், பற்றிமா அக்காவோடு எனக்குச் சண்டையும் இல்லை, ஆனால் காலையில் இவர் உள்ளே பாட்டுப் பாடி முடியுமட்டும் எங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவுக்கு வெளியே துவாயோடு காத்து நிற்கிற ஆள் யாரென்றால், அதைக் கட்டுவித்த நான்தான்.